பத்து நாள் மாத்திரையும் பக்கத்து சீட்டும்

இனி மாத்திரை என்ற ஒன்றைக் கையால் தொடுவதில்லை என்று வாத்தியார் முடிவெடுத்தபோது அவர் போர்வைக்குள் இருந்தார். அவரோடு ஆவி பறக்கும் வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றும் உள்ளே இருந்தது. முடிவு என்னவோ பெரியதுதான். ஆனால் மூக்கு அடைத்திருந்ததால் வெளியே வந்தது, "இடிபேல் பாத்திரை கிடையாது" என்றுதான். பாத்திரம் முன்னாலேயேதானே இருக்கிறது என்று சமையலறையிலிருந்து மனைவி பதில் சொன்னாள்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை. கார் ஓட்டப் பழக்கும் பயிற்சிப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர். அந்த சீட்டுக்குக் கீழே அவருக்கென்று தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். ஊரில் பாதிப் பேர் என் காலடியில் படித்தவர்கள் என்று அவர் பெருமை பேசுவது அந்த பிரேக்கை வைத்துத்தான்.

அப்படிப்பட்டவருக்கு ஏழு மாதமாக சைனஸ். நெற்றிக்குள் யாரோ ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு சாவியோடு போய்விட்ட மாதிரி ஒரு பாரம். குனிந்தால் கன்னத்து எலும்புக்குள் லாரி ஒன்று திரும்ப இடமில்லாமல் முட்டும். உப்புத் தண்ணீரை ஒரு மூக்கில் விட்டால் மறு மூக்கில் வரும் என்றார்கள். அவருக்கு இரண்டு பக்கமும் 'வழி இல்லை' என்று திரும்பி வந்தது. வாசனை என்பதே அடியோடு போய்விட்டது. போதாததற்குத் தும்மல். தும்மினால் கண் மூடும் இல்லையா? அப்படி அவர் கண்ணை மூடிய ஒரு நொடியில் மாணவர் ஒருவர் தெருமுனைக் குப்பைத் தொட்டியோடு கைகுலுக்கிவிட்டு வந்தார்.

அன்றைக்கே முதலாளி அவரை வண்டியிலிருந்து இறக்கி வகுப்பறையில் உட்கார வைத்துவிட்டார். சுவரில் தொங்கும் அட்டையில் 'முன்னால் வளைவு', 'முன்னால் பள்ளம்' என்று குச்சியால் தொட்டுக் காட்டுகிற வேலை. அவருடைய வெள்ளை வண்டி, பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அக்காவிடம் போயிற்று. அக்கா என்பது பள்ளியில் எல்லோரும் கூப்பிடும் பெயர். முதலாளி கூட அப்படித்தான் கூப்பிடுவார். மூக்கு சரியானால் வண்டி உங்களுக்கே என்று அவர் சொல்லியிருந்தார். இந்த மாதக் கடைசிக்குள் ஆகாவிட்டால் குச்சியே நிரந்தரம் என்றும் சொல்லியிருந்தார்.

ஏழு மாதமா ஒரு மூக்கு சரியாகாமல் இருக்கும் என்று கேட்கலாம். மூக்கின் மேல் தப்பில்லை. மூக்கு டாக்டர் நான்கு தடவை மாத்திரை எழுதினார், நான்கு தடவையும் பத்து நாளைக்கு. நான்கு தடவையும் மூன்றாம் நாள் தலை லேசாயிற்று. லேசானதும் வாத்தியார் நிறுத்திவிட்டார். சோம்பல் இல்லை, தொழில் தர்மம். எஞ்சின் பிடித்த பிறகும் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தால் ஸ்டார்ட்டர் போய்விடும் என்று பத்தொன்பது வருடம் ஊருக்குச் சொன்னவர், தன் உடம்புக்கும் அதையே சொன்னார். உடம்பு கேட்டுக்கொண்டது. கிருமி கேட்கவில்லை. பதினைந்து நாள் கழித்து உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கியது.

மனைவிக்கு இது பொறுக்காது. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். கிருமிகளை மைக்ரோஸ்கோப்பில் தினமும் முகத்துக்கு முகம் பார்க்கிறவள்.

"மூணு கிளாஸ் வந்துட்டு நின்னுட்ட ஸ்டூடண்டை ரோட்டுல தனியா விடுவீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எப்படி விடுவேன்? அவன் ஒண்ணும் தெரியாதவனை விட ஆபத்தாச்சே."

"உங்க மூக்குக்குள்ள இருக்கறதெல்லாம் அந்த மாதிரி ஆளுங்கதாங்க. பாதி அடி வாங்கிட்டு, அடி எங்கேருந்து விழும்னு தெரிஞ்சுக்கிட்டுத் திரும்பி வந்தவங்க."

வாத்தியார் பதிலுக்கு வாயைத் திறந்தார். தும்மினார்.

ஐந்தாவது தடவை டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மேகம் கவிந்திருந்தது. இந்தப் புது மாத்திரையைப் பத்து நாள் முழுசாகச் சாப்பிடுங்கள், இதையும் மூன்றாம் நாள் விட்டால் உள்ளே ஓட்டை போட்டுத்தான் வடிக்க வேண்டும் என்றார். வாத்தியார் படத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வந்தார். அதன் மறுநாள்தான் போர்வைக்குள் அந்த முடிவு.

மனைவி பாத்திரத்தைப் பற்றிச் சொன்னதோடு சரி. வழக்கம்போலக் காலை ஆறு மணி நடைக்குக் கிளம்பிப் போனாள். மூன்று மாதமாக நடக்கிறாள். அவர் ஆவி பிடித்து முடிப்பதற்கும் அவள் திரும்பி வருவதற்கும் சரியாக இருக்கும்.

அன்று அவள் போனதும் வாத்தியார் ஆவியைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போய்த் தன் நீலக் காரில் உட்கார்ந்தார். தும்மலுக்குப் பயந்து ஏழு மாதமாக அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து அணைப்பதோடு சரி.

அதுவும் பள்ளியில் ஓடி ஓய்வு பெற்ற பயிற்சி வண்டிதான். கல்யாணமான புதிதில் முதலாளி அவருக்கே விட்டுக்கொடுத்தார். பக்கத்து சீட்டு பிரேக்கைக் கழற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னதற்கு, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். பதினோரு வருடமாயிற்று, அந்த நாளை இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஓட்ட, அவள் அவருடைய தொழில் சீட்டில், அவருடைய பிரேக்குக்கு மேல் செருப்பில்லாத காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவாள். ஒரு நாள் நல்ல மழை. இரண்டு பக்கமும் மரம் அடர்ந்த ஒரு தெருவில் போய்க்கொண்டிருந்தபோது வண்டி தானாக நின்றது. பதறிப் போய்ப் பார்த்தால் அவள் கால் பிரேக்கில்.

"நிறுத்துங்கன்னா நீங்க இடம் பார்த்து, கண்ணாடி பார்த்து, கை காட்டித்தான் நிறுத்துவீங்க. அதுக்குள்ள இந்தத் தெரு முடிஞ்சுடும்," என்றாள்.

பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க, கண்ணாடியில் மழை வழிவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த சீட்டுத் துணி, லேசாகப் பெட்ரோல், அவள் தலை குளித்துவிட்டு வந்த ஈரம். இந்த மூன்றும் கலந்த ஒரு வாசனை. அதன் பிறகு எத்தனையோ வருடம், கதவைத் திறந்தாலே அந்தத் தெரு வந்துவிடும். இப்போது கதவைத் திறந்து மூச்சை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. சைனஸ்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அந்த சீட்டு காலியாகிவிடும் என்ற பயம்தான் அவரை இத்தனை வருடம் பொய் சொல்ல வைத்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று அவள் இரண்டாவது வருடத்திலிருந்து கேட்கிறாள். வண்டி பழசு என்றார். ரோடு சரியில்லை என்றார். ஒரு வருடம் அவள் உயரம் போதாது என்றார், அடுத்த வருடம் அதிகம் என்றார். அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் தினமும் காலையில் வேலைக்குக் கொண்டுபோய் விடுகிற அந்த இருபது நிமிடம் போய்விடும். அவள் ஓட்டிக்கொண்டு போவாள், அவர் வாசலில் நின்று கையாட்டுவார். இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? இருந்தும் என்ன, இந்த ஏழு மாதமாக அவள் பஸ்ஸில்தான் போகிறாள்.

அன்று மாலை அவள் மாத்திரை அட்டையைத் தண்ணீரோடு கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாங்க. பத்து நாளும் ஒண்ணு விடாம சாப்பிட்டுடுங்க. கார் கத்துக்குடுங்கன்னு இனிமே என் வாயால கேட்கமாட்டேன்."

வாத்தியார் நிமிர்ந்தார். "எப்பவுமா?"

"எப்பவும்."

"எங்கே, இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். பத்து வருட வழக்கு ஒரே வரியில் தீர்ந்துவிட்டது. இப்படி ஒரு அப்பாவியைக் கட்டிக்கொண்டோமே என்று அவருக்குக் கொஞ்சம் பாவமாகக் கூட இருந்தது. அந்தப் பாவத்தோடு சேர்த்து முதல் மாத்திரையை விழுங்கினார்.

மூன்றாம் நாள் தலை லேசாயிற்று. கை தானாக அட்டையை மூடியது. அவள் ஜன்னல் வழியாக நீலக் காரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். அட்டை மறுபடி திறந்தது. ஆறாம் நாள் கன்னத்து லாரி எப்படியோ திரும்பிக்கொண்டு போனது. எட்டாம் நாள் பால் தீய்ந்துபோய் வீடெல்லாம் புகை. வாத்தியார் சமையலறை வாசலில் நின்று, ஏதோ பன்னீர் தெளித்த மாதிரி மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பாத்திரத்தைத் தேய்க்கப்போவது நீங்கள்தான் என்று அவள் சொன்னதும் கூட அவருக்கு நல்ல செய்தியாகவே கேட்டது.

பத்தாம் நாள் சனிக்கிழமை. காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடை முடிந்து வந்தவள் குனிந்து தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அவள் துப்பட்டாவிலிருந்து ஒரு வாடை வந்தது.

டம்ளரை வாங்கப் போன வாத்தியாரின் கை பாதியில் நின்றது. உலகத்தில் யாருக்கு எது தெரியாவிட்டாலும் அந்த வாடை அவருக்குத் தெரியும். கிளட்ச் பிளேட் தீய்கிற வாடை. மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கத் தெரியாதவர்கள் கிளட்சைப் பாதி அமுக்கிக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள். அப்போது வருவது.

"எங்கே போயிட்டு வர்றே?"

"நடந்துட்டு வர்றேன்."

"நடந்தா செருப்புதான் தேயும். கிளட்ச் தேயாது."

அவள் முகத்தில் திருட்டு முழி இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். ஓட்டுநர் உரிமம். அவள் படம், அவள் கையெழுத்து. தேதி போன மாதம்.

எல்லாம் மெதுவாக அவருக்குப் புரிந்தது. மூன்று மாதம் அவர் போர்வைக்குள் ஆவியோடு போராடிய அதே அரைமணி நேரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற மேட்டில், அவருடைய வெள்ளை வண்டியில், அவருடைய சீட்டில் அக்கா உட்கார்ந்திருக்க, இவள் படித்திருக்கிறாள். பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மூக்கு இருந்திருந்தால் அவருக்கும் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

"உங்களைக் கேட்கமாட்டேன்னுதானே சொன்னேன்? கேட்கலையே," என்றாள்.

வாத்தியார் டம்ளரை வாங்கி மாத்திரையை விழுங்கினார். பிறகு, கோபமாகக் கேட்க நினைத்த கேள்வி வேறு மாதிரி வெளியே வந்தது.

"அப்போ இனிமே நான் உன்னைக் கொண்டுபோய் விட வேண்டாமா?"

"பஸ்ஸுல போய் எனக்கு அலுத்துப்போச்சுங்க. போகும்போது நீங்க ஓட்டுங்க. வரும்போது நான் ஓட்டறேன். அந்த சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு எங்கே நிறுத்தணும்னு நீங்க பார்த்துக்குங்க." கொஞ்சம் தயங்கினாள். "மேடுதான் இன்னும் வரமாட்டேங்குது. பின்னாடி உருண்டுடுமோன்னு பயமா இருக்கு."

இங்கேதான் வாத்தியார் மனிதனாக இருப்பதை விட்டுவிட்டு வாத்தியாரானார். பாதி கிளட்சில் காலை வைக்கக் கூடாது, அந்த அக்காவுக்கு மேடு சொல்லிக்கொடுக்கவே வராது, வண்டி லேசாக மூக்கைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும் என்று எழுந்து நின்று கையாலும் காலாலும் நடித்துக் காட்டினார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நம்ம வண்டியை எடு. நானே சொல்லிக்கொடுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை நீலக் கார் ஏழு மாதத் தூசியோடு தெருவில் இறங்கியது. அவள் ஓட்டினாள். அவர் பக்கத்தில். முதல் தடவை மேட்டில் வண்டி ஒரு சாண் பின்னால் போனது. அவர் கால் பிரேக்கில் விழுந்தது. இரண்டாவது தடவை விரற்கடை. மூன்றாவது தடவை அசையாமல் நின்று, அழகாக ஏறியது. உச்சியில் அவள் நிறுத்தினாள். இடம் பார்த்து, கண்ணாடி பார்த்து, கை காட்டி நிறுத்தினாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. பழைய சீட்டுத் துணி, கொஞ்சம் பெட்ரோல், அவள் தலை குளித்த ஈரம். வாத்தியார் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டார். பதினோரு வருடத்தில் எதுவும் எங்கேயும் போய்விடவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்கு ஒரே பெருமை. மூன்று மாதம் அக்காவால் முடியாததை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். கடைசி மாத்திரையைச் சாப்பிட்டாகிவிட்டது, மூக்கும் வந்துவிட்டது. மனைவிக்கு மேடு வந்தது யாரால்? அவரால்.

திங்கட்கிழமை முதலாளி வெள்ளை வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தார். வாத்தியார் அதைச் சுழற்றிக்கொண்டே அக்காவிடம் போனார். ஒரு பெண்ணுக்கு மேடு சொல்லித்தர மூன்று மாதம் போதவில்லையா, நேற்று நான் மூன்றே ஏற்றத்தில் முடித்தேன் என்று ஆரம்பித்தார். அக்கா பொறுமையாக முழுவதையும் கேட்டாள்.

"வாத்தியாரே, உங்க வீட்டம்மா நாலாவது கிளாஸ்லயே அந்த மேட்டைச் சுத்தமா ஏறிட்டாங்க. சனிக்கிழமை மட்டும்தான் அரைமணி நேரம் வேணும்னே கிளட்சை வறுத்தாங்க. வண்டி பாழாகுதேம்மா, எதுக்குன்னு கேட்டேன். ஒரு டெஸ்ட்டுன்னாங்க."

"என்ன டெஸ்ட்டு?"

"உங்க மூக்குக்காம். ரிசல்ட் நார்மல்னு அன்னிக்கே முதலாளிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாங்களே."