முப்பத்திரண்டு கடிதங்களும் ஒரு முதற்பிரதியும்

எழுதுகிறவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்பார்கள். அவனுக்குப் பெண் பிறக்கவும் கூடாது என்பது என் அனுபவம். (பிறந்தவளைக் கேட்டால் இதையே இன்னும் சூடாகச் சொல்லுவாள்.)

என் மகள் லண்டனில் இருக்கிறாள். வாவிக்கரை ஊரான ஆரையம்பதியில் இருந்துகொண்டு நான் அவளுக்கு முப்பத்திரண்டு கடிதங்கள் எழுதினேன். ஒவ்வொன்றும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. எல்லாமே 'அன்பு மகளே' என்று தொடங்கும். இரண்டாம் பந்தியில் எப்படியாவது வாவியில் நிலா விழுந்துவிடும். "இப்படி ஒரு தகப்பன் எங்களுக்கு வாய்க்கல்லியே" என்று வாசகிகள் தொலைபேசியில் அழுதார்கள். நான் அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த அடக்கத்துக்கே என்னை அறைந்திருக்க வேண்டும்.

கடிதங்கள் புத்தகமாயின. புத்தகம் என்றால் எங்கள் பக்கத்தில் வெளியீட்டு விழா. விழா என்றால் மங்கல விளக்கு, பொன்னாடை, முக்கால் மணி நேரத்துக்குக் குறையாத நயவுரை. முதற்பிரதியை வழக்கமாக வசதியான வர்த்தகர் ஒருவர் பெறுவார். நான் மகளே பெறட்டும் என்று தீர்மானித்தேன். அவள் அந்த மாதம் விடுமுறையில் வந்திருந்தாள். புத்தகத்தை முன்கூட்டிக் காட்டவில்லை. மேடையில் கண் கலங்குவாள், படம் எடுக்கலாம் என்பது திட்டம்.

மண்டபத்தில் முன்பின் அறியாத பெண்கள் அவள் முதுகைத் தடவினார்கள். ஓர் அம்மா கையைப் பிடித்து, "கவலைப்படாதீங்க புள்ள, கடவுள் இன்னொண்டு தருவார்" என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பொன்னாடை போர்த்த வசதியாகக் குனிந்துகொண்டேன்.

நயவுரைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். பதினோராம் கடிதத்தை முழுதாக வாசித்தார். ஐந்து மாதக் கரு கலைந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மகளுக்குத் தகப்பன் எழுதிய ஆறுதல் அது. தழுதழுத்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி தழுதழுத்தார். மண்டபமே மூக்கைச் சிந்தியது. அந்த விஷயத்தை அவள் தாயிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

பிறகு அவளை இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள். (நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்த்த மகானும் நான்தான்.)

"எல்லாருக்கும் வணக்கம். கடிதம் நல்லாருக்கு. இண்டைக்குத்தான் கேக்கிறன். அப்பா எனக்கு ஒரு கடிதமும் போடல்ல. ஆஸ்பத்திரியில இருந்து நான் கோல் எடுத்த அண்டைக்கும், போனை அம்மாட்டக் குடுத்திட்டு எழுதப் போயிட்டாராம்."

சபை பகிடி என்று நினைத்துக் கை தட்டியது. அதிபர்தான் பலமாகத் தட்டினார். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றும் உள்ளங்கை கூசுகிறது.

அவள் சொன்னது உண்மை. அன்று அவள் அழுகிற சத்தம் கேட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் பயந்து மேசைக்கு ஓடினேன். மேசையில் சொற்கள் வந்தன. வெட்கக்கேடு, நன்றாகவே வந்தன. பத்திரிகைக்கு அனுப்பும்போது அவளுக்கும் ஒன்று அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் திரும்பிப் போய் ஒரு மாதத்தில் ஒரே ஒரு கடிதம் எழுதினேன். நிலா இல்லை, வாவி இல்லை. ஒன்றரைப் பக்கம் மன்னிப்பு. உறையில் போட்டு ஒட்டி, பெயரை எழுதி, அதற்குக் கீழே எழுத எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"மகள், உங்கட அட்ரஸ ஒருக்காச் சொல்லுங்க."



"எதுக்கப்பா கரைச்சல்? பேப்பரில போடுங்க. வாசிக்கிறன்."

பக்கத்தில் இருந்த மனைவி சிரிக்கத் தொடங்கியவள் புரையேறும்வரை நிறுத்தவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் பகிடி. தேத்தண்ணி கேட்டாலும் "பேப்பரில போடுங்க", மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்றாலும் "பேப்பரில போடுங்க". மகள் கோல் எடுக்கும்போது அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். முகவரி மட்டும் இன்னும் தரவில்லை. ஆகவே இதுவும் பேப்பருக்குத்தான் போகிறது.