டொய்ங் அண்ணாச்சி பாட்டுக்குக் கருத்துச் சொன்னவர்கள்

தாமிரபரணியில் குளிக்காத ஆளைக்கூடப் பாளையங்கோட்டையில் தேடிப் பிடித்துவிடலாம். டொய்ங் அண்ணாச்சியின் பாட்டில் மாட்டாத ஆளைப் பிடிக்க முடியாது. கழுத்தில் கிதார், வளைத்த கம்பியில் வாய்க்கு நேராக ஒரு மவுத் ஆர்கன், வலது காலில் வில்லுப்பாட்டுக்காரர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய சலங்கை என்று சர்வ அலங்காரத்தோடு மனுசர் மாடியிலிருந்து இறங்குவார். நான் கீழ்வீட்டுக்காரன். எங்கே போய் ஒளிவது?

"இது ரூட்ஸ் ராக் வே. வேர்ல இருந்து வருத பாட்டு" என்பார். எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது எல்லாம் அவரே. கேட்கிற வேலையை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்தார். அவர் முதல் கம்பியைத் தட்டும் ஓசையையே ஊர் அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

கேட்டதோடு விட்டாலும் பரவாயில்லை. கருத்து வேறு சொல்ல வேண்டும்.

"நல்லாருக்கு அண்ணாச்சி."

"நல்லாருக்குன்னா, எங்கன நல்லாருக்கு?"

"எல்லா எடமும்தான்."

"அப்ப நீரு கேக்கல. உக்காரும், திருப்பிப் பாடுதேன்."

வாட்ஸப்பில் அனுப்பினாலும் இதே கதைதான். நீலக்கோடு விழுந்த மறுநிமிடம் போன் வரும். "கேட்டாச்சுன்னு காட்டுது. கருத்த எங்கவே?" என்பார். தெருவில் பாதிப் பேர் அந்த நீலக்கோடு விழாமல் செய்வது எப்படி என்று பேரப்பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் அண்ணாச்சியின் சம்சாரமான மதினியின் அண்ணன் குடும்பத்தோடு சாத்தான்குளத்திலிருந்து விருந்துக்கு வந்தார். பிரியாணி இலையில் விழுந்த நேரம் பார்த்து அண்ணாச்சி கிதாரை எடுத்துவிட்டார். பாட்டு நடுவே எழுந்தால் மரியாதை இல்லை என்று மச்சினர் எச்சில் கை காய்ந்து வெடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் மதினி எழுந்தார். மாற்றுச் சேலை நாலை எடுத்துக்கொண்டு அண்ணன் வண்டியிலேயே ஏறிப் போய்விட்டார்.

ஒரு வாரம் போயிற்று. ஒரு மாதமும் ஆயிற்று. மதினி போனைக்கூட எடுக்கவில்லை. அண்ணாச்சிக்குக் கன்னம் ஒட்டிவிட்டது. சரி, மனுசர் திருந்திவிட்டார், கிதாரைப் பரணில் போட்டுவிட்டுப் போய்க் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவரோ கண் கலங்க என் முன்னால் வந்து நின்றார்.

"அவளுக்குன்னு ஒரு பாட்டு எழுதிருக்கேன் வே. இதக் கேட்டு அவ திரும்பி வரணும். வரலன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல."

மதினி எதனால் போனாரோ அதை வைத்தே கூப்பிடப் போகிறாராம்! என் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. நாலே வரிப் பாட்டு அது. அதைக் கருத்துக் கேட்க ஊருக்குள் எடுத்துக்கொண்டு போனதுதான் வினை.

சலூன்காரர், "அண்ணாச்சி, தாடையை ஆட்டாதிய, கத்தி பட்டுரும். பாட்டுல ஒரு குத்து வச்சா நல்லாருக்கும்" என்றார். குத்துச் சேர்ந்தது. சர்ச் பாடகர் குழுத் தலைவர், பெண்குரலுக்கு இடமில்லையே என்றார். அண்ணாச்சியே பெண்குரலிலும் பாட ஆரம்பித்தார். அண்ணாச்சியின் ஆபீஸ் சூப்பிரண்டு, "சமுதாயக் கருத்து இல்லியே" என்று குறைபட, மரம் வளர்ப்பு ஒரு சரணமாக வந்து உட்கார்ந்தது. மருந்துக்கடைக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஒரு தலைவலி மாத்திரையைக் கிழித்துத் தானே விழுங்கினார். "பாத்தீரா, பாட்டு அவர என்னமோ செஞ்சிருச்சு" என்றார் அண்ணாச்சி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக என் கதவைத் தட்டினார். என் வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள், வண்டி சும்மாத்தான் நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகென்ன, நான்தான் டிரைவர். குளித்துவிட்டு வருகிறேன் என்று மாடி ஏறியவரைக் காணாமல், வெளியே நின்று ஹார்ன் அடித்தே கை ஓய்ந்தது. ஒரு வழியாகக் கிதாரும் சலங்கையுமாக ஓடி வந்து ஏறினார்.

சாத்தான்குளத்தில் மச்சினர் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். மதினி நடைவாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அண்ணாச்சி முற்றத்தில் நின்று டொய்ங் என்று ஒரு தட்டுத் தட்டினார்.

நம் பக்கத்தில் முற்றத்தில் கிதார் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தானே. ஜெபக்கூட்டம் என்று நினைத்து அக்கம்பக்கத்துப் பெண்கள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வேதப் புத்தகத்தோடு வந்து பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். மரம் வளர்ப்புச் சரணத்துக்கு ஒருத்தி அல்லேலூயா சொன்னாள். குத்து வந்தபோது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கை தட்டினார்கள். பாட்டு முடிந்ததும் ஒரு பெரியவர் தாமாகவே எழுந்து, வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் முதல் மழை இல்லாத குளங்கள் வரை ஒவ்வொன்றுக்காகவும் ஜெபித்து முடித்தார். நான் கொட்டாவியை அடக்க முடியாமல் ஆமென் சொன்னேன்.

மதினி வாயைத் திறந்தார்.

"இதுல நான் எங்கன இருக்கேன்?"

அண்ணாச்சி மவுத் ஆர்கனைக் கழற்றினார். சலங்கையை அவிழ்த்தார். அந்த முதல் நாலு வரியை மட்டும் பையப் பாடினார்.

"மோட்டாரப் போட்டா தொட்டி நெறஞ்சு
மாடியெல்லாம் தண்ணியாப் போகுது
அணையுங்கன்னு சத்தம் போட
ஆளில்லாம வீடு கெடக்குது."

யாரும் ஆமென் சொல்லவில்லை. மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அண்ணாச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கருத்து வேண்டுமே!

"இன்னைக்கு மோட்டார அணைச்சிட்டுத்தான வந்திய?"

அண்ணாச்சி முகம் வெளுத்தது. "குளிக்கதுக்குப் போட்டேன். இவரு ஹார்ன் அடிச்சாரா..."

"அட ஆண்டவரே!" என்று மதினி இருந்த கோலத்திலேயே ஓடி வந்து என் வண்டியில் ஏறினார். சேலை, பை, செருப்பு எதுவும் எடுக்கவில்லை. "என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? எடுங்க வண்டிய!" என்று என் மேலும் பாய்ந்தார். பாளையங்கோட்டை வரும்வரை அவர் வாய் ஓயவில்லை. அண்ணாச்சி பின்சீட்டில் கிதாரைக் கட்டிக்கொண்டு அத்தனை திட்டையும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டே வந்தார்.

தொட்டி நிரம்பி, படி வழியாக இறங்கி, என் வீட்டுக்குள் கணுக்கால் அளவு நின்றது தண்ணீர். போன மாதம் வாங்கிய மெத்தை ஊறிக் கனத்துக் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரைத் தள்ளித் தள்ளி இடுப்பு ஒடிந்தது. மேலே மதினி, "ஒரு மாசமா வீட்டப் பெருக்கவே இல்லையா? இந்தச் சட்டியில என்னத்தக் கருக்குனிய?" என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, ஈரப் படியில் உட்கார்ந்து மதினியின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாவி மனுசர், நல்லாயிருக்கட்டும்.