மாப்பிள்ளை ஓடிய ஓட்டம்

இந்த வருஷம் நீலகண்டனை ஜெயிக்காமல் விடுவதில்லை என்று மார்கழி முதல் தேதி சபதம் போட்டேன். எனக்கு வயது நாற்பத்து நான்கு. இடுப்பும் அதே நாற்பத்து நான்குதான்.

நீலகண்டன் ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை. மாடிப்படி ஏறி வந்து நான் மூச்சு வாங்கும்போதெல்லாம், "என்ன தியாகராசன், மாயவரம் ரயில் வந்துட்டுதா?" என்பார். ஆபீசே சிரிக்கும். தை மாதம் எங்கள் பக்கத்தில் வருஷத்தின் முதல் ஓட்டப்பந்தயம். கோட்டுச்சேரியில் கிளம்பிக் காரைக்கால் கடற்கரையில் முடியும், யாரும் ஓடலாம். நீலகண்டன் தவறாமல் ஓடுவார். அதில் ஒரே ஒரு முறை அவரைத் தாண்டிவிட்டால் போதும்.

வீட்டில் சொல்ல முடியாது. ஐப்பசியில் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெறும் வாயு. ஆனால் அன்றிலிருந்து நான் தும்மினால்கூட என் மனைவி அஞ்சுகம் அடுப்பை விட்டு ஓடி வருகிறாள். ஆகவே, "காரைக்கால்மேட்டுக்குப் போயி மீன் வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டு, தினமும் விடிந்ததும் கடலோரம் ஓடிப் பழகினேன்.

கூட வந்தவர் பக்கத்து வீட்டு சேக் அலாவுதீன். துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். அஞ்சுகத்தைத் தங்கச்சி என்பார், அதனால் நான் மச்சான்.

"மச்சான், நீலகண்டனுக்குப் பத்தடி பின்னாலயே போங்க. அவரு வேகந்தான் ஒங்க வேகம். கடக்கரை தெரிஞ்சதும் ஒரே பாய்ச்சல்!"

பந்தயத்தன்று அலாவுதீனும் ஓட வந்தார். அவர் சொன்னபடியே செய்தேன். பத்தடி முன்னால் நீலகண்டனின் முதுகு. என் மூச்சும் சீராக இருந்தது. ஜெயித்தாகிவிட்டது என்றே நினைத்தேன்.

முதல் திருப்பத்தில் அஞ்சுகத்தின் பெரியம்மா காசியம்மா செம்போடு நின்றார். கோட்டுச்சேரி அஞ்சுகத்தின் பிறந்த ஊர். அந்த ரோட்டில் பாதி வீடு அவள் வீட்டு மனிதர்கள்.

"மாப்புள! ஒரு வா மோரு குடிச்சிட்டுப் போங்க!"

"பெரியம்மா, பந்தயம்..."

"பொண்ணு குடுத்த ஊட்டு மோரு கசக்குதா?"

மாப்பிள்ளை மோரை மறுத்தான் என்றால் பத்து வருஷத்துக்குப் பேசுவார்கள். நின்றேன், குடித்தேன். பிள்ளைகள் படிப்பைப் பற்றி விசாரித்தார், சொன்னேன். நீலகண்டன் புள்ளியாகிவிட்டார்.

விழுந்தடித்து ஓடி அவரை நெருங்கினேன். அங்கே அஞ்சுகத்தின் சித்தப்பா மருதையன் ரோட்டோரம் நாற்காலியே போட்டிருந்தார்.

"ஒக்காருங்க மாப்புள. எளநி சீவுறேன்."

"நின்னுகிட்டே குடிக்கிறேன் சித்தப்பா."

"மாப்புளய நிக்க வெச்சாரு மருதையன்னு ஊரு பேசவா?"

அவர் ஒரு வெட்டு வெட்டுவார், மூன்று பேர் என்னைத் தாண்டிப் போவார்கள். வழுக்கையை வேறு வழித்துக் கொடுத்தார்.

அப்புறம் ஒரு கொழுந்தியாள் வீட்டுப் பானகம். கடற்கரை வந்தபோது நீலகண்டன் குளித்துத் தலைசீவி நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பின்னால் வந்தவர் அலாவுதீன் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்தேன். அஞ்சுகம் வாசலிலேயே நின்றாள். வெந்நீர் தயாராக இருந்தது.

"மீனு கெடைக்கலியா?" என்றாள்.

"இல்ல."

"ஒரு மாசமா மீனு வாங்கப் போறீங்க. ஒரு நெத்திலியாச்சும் வந்துச்சா? டாக்டர்ட்ட போயி கேட்டுட்டேன். ஓடட்டும், ஆனா அங்கங்க நின்னு நெழலு பாத்து ஓடட்டும்னாரு. நான் சொன்னா நிப்பீங்களா? அதான் பெரியம்மா, சித்தப்பா எல்லாரயும் வழியில நிக்கச் சொன்னேன்."

"போக வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"எப்புடிங்க சொல்லுவேன்? ஒரு மாசமா சின்னப் புள்ள மாதிரி சிரிச்சிக்கிட்டு எந்திரிக்கிறீங்க."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. அவள் என் காலில் வெந்நீர் ஊற்றினாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலிலேயே நின்றிருக்கிறாள். அவளைச் சிரிக்க வைக்கக் கொஞ்சம் வீரம் பேசினேன்.

"இருந்தாலும் நான் கடைசி இல்ல அஞ்சுகம். அலாவுதீனையே தோக்கடிச்சிருக்கேன்! துபாய்ல தெனம் ஓடுற ஆளு!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அலாவுதீன் குரல் கொடுத்தார்:

"தங்கச்சி, நீ சொன்ன மாதிரியே மச்சான் பின்னாலயே வந்துட்டேன். ஆனா அடுத்த வருசம் வேற ஆளப் பாத்துக்க, அவ்வளவு மெதுவா நடந்து எனக்குக் காலு மரத்துப் போச்சு!"