உட்புறம் துடைக்கும் விதி

ஆராய்ச்சிக்கு மூளை வேண்டும் என்று சிலர் இன்னமும் பிதற்றித் திரிகிறார்கள். அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஒருமுறை வந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். ஆராய்ச்சிக்குப் பஞ்சு போதும்.

இயக்குநர் வகுத்த விதி அது. இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் ஆட்டு ரத்தக்குழாயை வளையம் வளையமாக நறுக்க வேண்டும். ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்தையும் பஞ்சு சுற்றிய குச்சியால் பத்துத் தடவை துடைக்க வேண்டும். வெதுவெதுப்பான உப்புநீரில் கொக்கியில் மாட்டி, லேசாக இறுக்கி வைத்து, அப்புறம் மருந்தை விட வேண்டும். குழாய் மேலும் இறுகினால் காகிதத்தில் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். பதினோரு வருடமாகக் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. 'இம்மருந்து குழாயை இறுக்கும்' என்பது இயக்குநரின் புகழ்பெற்ற கோட்பாடு. கோட்டுக்கும் மேலதிகாரியிடம் பயம் இருக்காதா?

துடைத்தவள் உதவியாளர். பதினோரு வருடமும் தற்காலிகம். அவளை நிரந்தரமாக்கும் தாள் இயக்குநரின் மேசையில் ஒரு கையெழுத்துக்காகக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் விழாவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்; வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை பஞ்சு தீர்ந்தது.

"ஒரு கட்டு பஞ்சு குடுங்கண்ணே," என்றாள் கிடங்குக்காரரிடம்.

"பழசைத் திருப்பிக் குடுத்தாத்தான் புதுசு."

"ரத்தம் தோய்ஞ்ச பஞ்சுண்ணே. எரிச்சாச்சு."

"சாம்பல் இருக்கா?"

இல்லை. துடைக்காமலே மாட்டி, மருந்தை விட்டாள். கோடு சரசரவென்று இறங்கியது. கைக்குட்டையைக் கிழித்து இன்னொரு வளையத்தைத் துடைத்தாள். கோடு ஏறியது. துடைக்காத இன்னொன்று. இறங்கியது. ஆறு முறை செய்து பார்த்துவிட்டு, இதைச் சொல்லித் தொலைக்கலாமா வேண்டாமா என்று ஒரு நாள் யோசித்துவிட்டு, இயக்குநரிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை 'தூய்மை விசாரணைக் குழு' கூடியது. இயக்குநர், தலைமை எழுத்தர், கிடங்குக்காரர்.

"உள்பக்கம் மெல்லிசா ஒரு படலம் இருக்கு சார். மருந்து பட்டதும் அது ஏதோ ஒண்ணை விடுது. அது வெளிப்பக்கச் சதைக்குப் போய் 'இளகு'ன்னு சொல்லுது. நாம அந்தப் படலத்தையே சுரண்டி எறிஞ்சிட்டோம். அப்புறம் யார் சொல்லுவா?"

"யார் மூலமா அனுப்புது?" என்றார் எழுத்தர்.

"நேராத்தான். சதை பக்கத்துலயே இருக்கே."

"மேலிடத்துக்குத் தெரியாமலா!"

"அந்தப் பொருள் எங்க?" என்றார் கிடங்குக்காரர்.

"சில நொடியில மறைஞ்சிடுதுண்ணே."

'இருப்பில் இல்லை' என்று அவர் எழுதிக்கொண்டார். இயக்குநர் மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் சிந்திக்கும்போது அப்படித்தான் இருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் அந்தச் சிந்தனையின் கனி தொங்கியது: 'ரத்தக்குழாயைத் தளர்த்துவது உட்படலமே! இயக்குநரின் கண்டுபிடிப்பு. இன்று மாலை சிறப்புரை.'

அவள் நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், என் தாள்..."

"உக்காரும்மா. நீ விதியை மீறித் துடைக்காம விட்டிருக்கே. அதுக்கு ஒரு மெமோ." கையெழுத்திட்டார். "பதினோரு வருஷமா இந்த உண்மை உலகத்துக்குத் தெரியாமப் போனதுக்குக் காரணம் நீ துடைச்சது. அதுக்கு ஒரு மெமோ."

"துடைக்கச் சொன்னது நீங்கதானே சார்?"

"சொன்னேன். தொட்டேனா? இந்தக் கட்டடத்துல ஒரே ஒரு குழாயையாவது நான் கையால தொட்டிருப்பேனா, சொல்லு!"

"இல்ல சார்," என்றாள். "அதை மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. சாயங்காலம் உங்க கூட்டத்துல எழுந்து வாசிக்கிறேன்."

இயக்குநர் இரண்டு மெமோக்களையும் நிதானமாகக் கிழித்தார். அவளுடைய தாளை இழுத்துக் கையெழுத்திட்டார்.

"சாயங்காலம் உனக்கு வேற வேலை இருக்குமே?"

"இருக்கு சார்."

இவ்வாறு, தெரிந்த உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்காக அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. தாளோடு வெளியே வந்தபோது எழுத்தரும் கிடங்குக்காரரும் எழுந்து நின்று கைகுலுக்கினார்கள். அவர்கள் இருவரும் எப்படி நிரந்தரமானார்கள் என்று அவள் கேட்கவில்லை.