ஃபகுந்தோவுக்கு மோட்சம்

பலிகாவன் மீனவர் ஊரில் அந்த வாரம் யாரும் வலை வீசவில்லை. உலகமே அழியப் போகிறபோது மீன் பிடித்து என்ன ஆகப் போகிறது? மூன்று நாள் இருட்டுக் கவியுமாம். சூரியன் வராதாம். எந்த விளக்கும் எரியாதாம், ஊருக்குள் கூடாரம் போட்டிருக்கும் போதகர் சகோதரர் குவல்பெர்த்தோ விற்கும் மெழுகுவர்த்தியைத் தவிர. கடவுள் அவ்வளவு கச்சிதமாக ஏற்பாடு செய்திருந்தார்.

அந்த மெழுகுவர்த்தி தீர்ப்பும் சொல்லும். செத்தவர் பெயரைச் சொல்லி ஏற்றி, சகோதரர் ஊதுவார். அணைந்த திரி தானாகவே மறுபடி பற்றிக்கொண்டால் ஆத்மா கரையேறிவிட்டது. பற்றாவிட்டால் நெருப்பில் வேகிறது. காணிக்கை வைத்தால் இன்னொன்றை ஏற்றிப் பார்க்கலாம். காணிக்கைக்குப் பிறகு பற்றாத திரியே கிடையாது.

லுஸ்மிந்தாவின் புருஷன் ருஃபினோ, போன புயலில் அடுத்தவன் படகைக் காப்பாற்ற நீந்திப் போய்க் கடலோடு போனவன். பாவமன்னிப்புக் கேட்க நேரமில்லை. அவன் பெயருக்கு ஏற்றிய திரி நேற்று அணைந்தது, பற்றவேயில்லை. இன்று அவனுடைய படகு மோட்டாரைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். பக்கத்தில் கொழுந்தன் ஆர்செனியோ.

"மோட்டாரக் குடுத்துட்டு நாளைக்குப் புள்ளைங்க எதத் திங்கும் அண்ணி?"

"உலகமே முடியப் போவுது. அதுங்களுக்கு எதுக்குடா மோட்டாரு?"

"முடியப் போவுதுன்னா அந்த ஆளுக்கு மட்டும் எதுக்கு?"

லுஸ்மிந்தாவுக்குக் கோபம் வந்தது.

"அங்க வேகுறது உங்கண்ணன்டா!"

"அடுத்தவனக் காப்பாத்தப் போயி செத்தவன வேகவைக்கிற கடவுளு, மோட்டாரக் குடுத்தா மட்டும் விட்டுருவாரா? எங்கண்ணனுக்கு இருந்த நியாயம்கூட அவருக்கு இல்லியா?"

"வாய மூடு. தீர்ப்பு நாள் பக்கத்துல வந்துருச்சு, பேசுற பேச்சா இது?"

வாயை மூடச் சொன்னாளே தவிர, அந்தக் கேள்வி அவள் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது. ஆர்செனியோ அவளுக்கு முன்னால் போய் நின்றான்.

"எங்களுக்கு ரொம்ப வேண்டியவரு, பிரதர். பேரு ஃபகுந்தோ. ஞாயித்துக்கிழம போயிட்டாரு."

லுஸ்மிந்தா திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். அவன் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"எப்படிப் போனாரு?"

"சண்டையில. கத்தி பட்டு."

சகோதரர் கண்ணை மூடினார். "பொம்பள சகவாசம் தெரியுது."

"அதுக்குக் கணக்கே இல்ல, பிரதர்."

"சூதாட்டம்?"

"அவரு எறங்குனா ஊரே பணம் கட்டும்."

திரியை ஏற்றினார், ஊதினார். பற்றவில்லை. கூட்டம் "ஐயோ!" என்றது. செதரினா என்ற பக்தை மார்பில் அடித்துக்கொண்டாள். "எனக்கு நல்லாத் தெரியும் ஃபகுந்தோவ! தங்கமான மனுசன். நேத்துகூட ஆவியா வந்து எஞ் சன்னலாண்ட நின்னு அழுதாரு!" தேவ சாட்சி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஆர்செனியோ தன் பையிலிருந்த பணத்தைக் காணிக்கை வைத்தான். சகோதரர் மெழுகுவர்த்திப் பெட்டியின் மறுபக்கம் கைவிட்டு வேறொரு மெழுகுவர்த்தி எடுத்தார். ஊதியதும் அது குப்பென்று மறுபடி பற்றிக்கொண்டது.

"ஃபகுந்தோ பரலோக வாசல்ல நிக்கிறாரு! தேவதூதருங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க!"

"கையவா?" என்று கேட்ட ஆர்செனியோ திரும்பினான். "அண்ணி, அவரக் கடைசியாப் பாத்தது நீங்கதான். எங்க பாத்தீங்க, சொல்லுங்க."

சொன்னால் சகோதரரின் கதை முடிந்தது. ருஃபினோவை மீட்கலாம் என்ற நம்பிக்கையும் அதோடு முடிந்தது. ஆனால் அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"சட்டியில," என்றாள் லுஸ்மிந்தா. "பப்பாளிக்காயும் முருங்கக் கீரையும் போட்டு நாந்தான் கொதிக்க வச்சேன். இவன் வளத்த சண்டச் சேவலு."

வரிசை முழுக்கச் சிரிப்பு. ஆர்செனியோ பெட்டியைக் கவிழ்த்தான். ஒரு பக்கம் சாதா மெழுகுவர்த்தி. மறுபக்கம், பிறந்தநாள் கேக்கில் குழந்தைகளை ஏய்க்க வைப்பார்களே, ஊத ஊத எரியும் திரி, அது.

"பறவைக்கும் ஆத்மா உண்டு!" என்று கத்தினார் சகோதரர்.

லுஸ்மிந்தா சிரிக்கவில்லை. நேற்று ராத்திரி முழுக்க அழுதவள் அவள்.

"சேவலுக்கு மோட்சம் குடுத்த. எம் புருசன நெருப்புல போட்ட. எதப் பாத்துய்யா போட்ட?"

"அது... கடவுளத்தான் கேக்கணும்."

"அத நான் வீட்டுலயே கேட்டுருப்பேனே!"

அவள் தள்ளுவண்டியைத் திருப்பி, மோட்டாரோடு கரையை நோக்கி நடந்தாள். சகோதரர் கூடாரத்தின் பின்பக்கமாக நழுவினார். செதரினா மட்டும் கீழே சிதறிய மெழுகுவர்த்திகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

மூன்று நாள் இருட்டு வரட்டும், வராமல் போகட்டும். பட்டப்பகலில் புத்தியை அணைத்துவிட்டு வரிசையில் நிற்கிறவனுக்கு எந்த விளக்கு எரிந்துதான் என்ன?