ஃப்ளோராவுக்கு முடி கொட்டுகிறது

ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. பாதி தெரிந்துகொண்டு மீதிக்குத் தலையாட்டுகிறவனைத்தான் கட்டிப்போட்டு வைக்க வேண்டும். இரண்டாயிரங்களின் நடுவில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்திருந்த நான் இரண்டாவது வகை.

கம்பெனிக்குச் சொந்தமாகச் சாயப்பட்டறையும் உண்டு. அதன் கழிவுநீரை எப்படிச் சுத்தம் செய்கிறோம் என்று பார்க்க ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மா வருவதாகத் தகவல் வந்தது. அவர் சரி என்றால்தான் அடுத்த சீசன் ஆர்டர். லேப் கெமிஸ்டுக்கோ அன்றைக்கென்று பார்த்துக் கல்யாணம்.

"ஏனுங்க தம்பி, நீங்க சமாளிச்சுப்போடுவீங்கல்லொ?" என்றார் முதலாளி.

"அதெல்லாம் ஜமாய்ச்சுடலாமுங்க" என்றேன். (வாய்க்கு என்ன, வாடகையா கொடுக்கிறோம்?)

பி.ஓ.டி., சி.ஓ.டி., டி.டி.எஸ். எல்லாவற்றையும் உருப்போட்டேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு வகையறாதான் டி.டி.எஸ். என்பதுவரை தெளிவு. மற்ற இரண்டும் ஆக்சிஜன் சம்பந்தப்பட்டவை. அதற்கு மேல் கேட்க மாட்டார் என்று முருகனை நம்பினேன்.

முருகன் கைவிடவில்லை. முதலாளி பின்னால் வர, தொட்டி தொட்டியாகச் சுற்றிக் காட்டினேன். அந்த அம்மாவும் குறித்துக்கொண்டே வந்தார். கடைசித் தொட்டியருகே நின்று, "ஹவ் இஸ் த ஃப்ளோரா ஹியர்?" என்றார்.

எனக்கு உற்சாகம் பொங்கியது. ஃப்ளோரா எங்கள் செக்கிங் பிரிவில் வேலை பார்த்த தூத்துக்குடிப் பெண். வெளிநாட்டு ஆட்கள் வந்தால் தொழிலாளிகள் சிலரைப் பெயர் சொல்லி அழைத்து, சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று விசாரிப்பது வழக்கம்தான்.

"ஃப்ளோரா வெரி குட், மேடம்."

"அண்ட் ஃபவுனா?" (அவர் நாக்கில் அப்படித்தான் வந்தது.)

டீ போடும் பவுனாத்தா அக்காவை இவருக்கு எப்படித் தெரியும்! என்ன ஒரு முன்தயாரிப்பு என்று வியந்தபடி, "ஒன் மினிட்" சொல்லிவிட்டு ஓடினேன்.

ஃப்ளோராவுக்கு முகம் வெளிறிவிட்டது. "எதுக்கு சார் கூப்பிட்டிய? பீஸ்ல ஓட்டை எதையும் பாக்காம விட்டுட்டனா?"

பவுனாத்தா அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னையுமா சாமி? டீயில சக்கரை பத்துலீங்களாமா?"

இருவரையும் நிறுத்தி, "மேடம், திஸ் இஸ் ஃப்ளோரா. திஸ் இஸ் பவுனா" என்றேன்.

அவர் குழப்பத்தோடு இருவருக்கும் கைகொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்தத் தண்ணீரால் ஃப்ளோராவுக்குப் பாதிப்பு ஏதாவது உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இங்கத்த தண்ணி உனக்கு ஒத்துக்குதாம்மா?"

"எங்க சார்... ஒரே உப்புத் தண்ணி. கொத்துக் கொத்தா முடி கொட்டுது."

"ஹேர் ஃபாலிங், மேடம்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "அண்ட் ஃபவுனா?"

"எனக்கு முட்டி வலிதானுங்க" என்றார் பவுனாத்தா அக்கா. அதையும் மொழிபெயர்த்தேன்.

அந்த அம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காகிதத்தின் ஓரத்தில் ஒரு செடி வரைந்து, "ஃப்ளோரா" என்றார். பக்கத்தில் ஒரு மீன் வரைந்து, "ஃபவுனா" என்றார்.

செடிகொடிகள். விலங்கினங்கள். அந்தத் தொட்டியிலேயே குதித்துவிடலாம் போலிருந்தது, அதன் டி.டி.எஸ். தெரிந்திருந்ததால் தயங்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் புரியாத முதலாளி, மரியாதைக்காக அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

"அப்ப எனக்கு வேலை போவாதுல்லா சார்?" என்றாள் ஃப்ளோரா.

"உனக்குப் போகாது" என்றேன், என் கதி தெரியாமல்.

அந்த அம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, காம்பவுண்டைச் சுற்றி நடந்து வேப்பமரங்களையும் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளையும் பார்த்தார். திறந்து கிடந்த கழிவுச் சேற்றுக்குக் கூரை போடச் சொன்னார். போட்டோம். ஆர்டரும் வந்தது. என்னைக் கூப்பிட்ட முதலாளி திட்டவில்லை. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிப்போடுங்க தம்பி. நானு இத்தன வருசமா அப்படித்தான் பொழைக்கறேன்" என்றார். பவுனாத்தா அக்காவோ, வெள்ளைக்கார அம்மா தன் முட்டி வலியை விசாரித்த பெருமையை அவிநாசிவரை பரப்பிவிட்டார்.

இந்தக் கதை தெரிந்தும் என்னைக் கட்டிக்கொண்டவள் என் மனைவி. போன வாரம் மகள் அறிவியல் புத்தகத்தோடு வந்து, "பயோடைவர்சிட்டின்னா என்னங்கப்பா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது:

"அப்பாகிட்டக் கேக்காத கண்ணு. வேன் புடிச்சு ஆளுகளக் கூட்டிட்டு வந்துருவாரு."