சித்ராதேவியின் சர்வாதிகாரம்

"என்னது இது?" என்று கேட்டாள் சித்ராதேவி.

"சாவிங்கம்மா. மோட்டார், மொட்டைமாடி, லிஃப்ட் ரூம். இனிமே எல்லாம் உங்க பொறுப்பு" என்று சல்யூட் அடித்தார் வாட்ச்மேன் ராமர்.

வையம்பட்டியில் தங்கை பேத்திக்குக் காது குத்து. அதை முடித்துக்கொண்டு, பலகாரப் பையோடு அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்திருந்தாள். இன்று அடுக்ககச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் என்பது நினைவுக்கு வந்ததும் சுர்ரென்றது.

அம்மா மண்டபம் ரோட்டிலிருந்த அந்த அடுக்ககத்தில், சங்கத் தலைவர் பதவி என்றாலே எல்லோரும் ஓடி ஒளிவார்கள். போன வருஷம் பஜ்ஜிக்கு ஆசைப்பட்டுக் கூட்டத்துக்குப் போன ராமானுஜம் மாட்டிக்கொண்டார். தினமும் ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டே மனிதர் பாதியாகிவிட்டார்.

"நான் ஊர்ல இல்லாதப்ப என் தலையில கட்டிட்டாங்களா?"

ராமர் தலையைச் சொறிந்தார்.

பொன்மலை ரயில்வே ஆபீசில் வேலை பார்த்த காலமெல்லாம் இருட்டோடு எழுந்தவள் சித்ராதேவி. ரிட்டயரானதும் அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். காலை ஏழு மணி வரை தூங்க வேண்டும். இப்போது அதிலும் மண் விழுந்துவிட்டது.

நேராக மூன்றாம் மாடிக்குப் போனாள். "ராமானுஜம் சார், உங்க சாவியை நீங்களே வெச்சுக்குங்க."

"ஐயோ, வேண்டவே வேண்டாம்! மத்தியானமே ராமர்கிட்ட ஒப்படைச்சுட்டேன். பெருமாள் கண்ணைத் திறந்துட்டார். இனிமே நீங்களாச்சு, அடுக்ககமாச்சு" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

கெஞ்சுவது சித்ராதேவியின் ரத்தத்தில் இல்லை. மேலதிகாரிக்கே பணியாதவள், பஜ்ஜி தின்ற கூட்டத்துக்கா பணிவாள்? 'நானா போய்க் காலில் விழமாட்டேன். இவங்களே என்னைத் துரத்தணும். துரத்துற மாதிரி நடந்துக்கறேன்' என்று சாவிக்கொத்தை இடுப்பில் செருகினாள்.

மறுநாளே அறிவித்தாள். காலையில் அரை மணி நேரம்தான் தண்ணீர். அதற்குள் பிடித்தால் உண்டு.

சண்டைக்கு ஆள் வரும் என்று முந்தானையை வரிந்துகட்டிக்கொண்டு காத்திருந்தாள். எதிர்வீட்டு பவித்ரா வந்தாள்.

"ஆன்ட்டி, சூப்பர்! டேங்க் வழிஞ்சு வழிஞ்சு என் பால்கனியே பாசி பிடிச்சுப் போச்சு. கேக்க ஆளில்லாம கிடந்த இடம் இது."

சித்ராதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மொட்டைமாடியைப் பூட்டினாள். அவள் அனுமதியில்லாமல் ஒரு கைக்குட்டைகூடக் காயக்கூடாது என்றாள்.

யாரும் பூட்டை உடைக்கவில்லை. விடியற்காலையிலேயே ஈரத்துணியோடு வந்து அவள் வாசலில் வரிசை கட்டினார்கள். கூடவே ஒருவர் பொங்கல், ஒருவர் கொத்சு. காலிங்பெல் ஓயவில்லை. ஏழு மணித் தூக்கம் போய், இப்போது ஐந்து மணித் தூக்கமும் போயிற்று.

"உங்களுக்கெல்லாம் ரோஷமே வராதா?" என்று கத்தினாள்.

"கண்டிப்பு இருந்தாத்தானே ஆன்ட்டி ஒழுங்கு வரும்?" என்றாள் பவித்ரா, பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு.

கடைசி அஸ்திரமாக லிஃப்ட்டை நிறுத்தினாள். காரணம்கூடச் சொல்லவில்லை. ராமானுஜம் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நின்றபோது, 'வாங்க, திட்டுங்க' என்று மனசார வரவேற்றாள்.

அவர் கைகூப்பினார். "படியேறி ஏறி முழங்கால் வலி பாதி போயிடுத்து. நான் கெஞ்சினப்போ இங்க ஒருத்தர் கேட்கலை. நீங்க அதட்டறேள், அத்தனை பேரும் அடங்கிக் கிடக்கறா. தலைமைன்னா இதுன்னா தலைமை!"

பக்கத்து அடுக்ககத்திலிருந்து, "உங்க தலைவியம்மாவை ஒரு நாள் இங்கயும் அனுப்புங்களேன்" என்று கேட்டனுப்பினார்களாம். சித்ராதேவிக்கு அழுகையே வந்துவிட்டது. தூங்கவிடாமல் மரியாதை செய்கிற ஜனங்களை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் அவசரக் கூட்டம் போட்டாள். வராதவர் வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது என்றதால் கைக்குழந்தை உட்பட அத்தனை பேரும் ஆஜர்.

சித்ராதேவி சாவிக்கொத்தைத் தரையில் வீசினாள்.

"நான் இல்லாதப்ப என்னைத் தலைவியாக்கினீங்க. கேட்டீங்களா ஒரு வார்த்தை? நான் யாருக்கும் அடிமை இல்லை. எனக்கு யாரும் அடிமையா இருக்கவும் வேண்டாம்! தைரியம் இருந்தா, என்னைத் தேர்ந்தெடுத்தவங்க கையைத் தூக்குங்க. உங்கள்ல ஒருத்தர்கிட்ட சாவியைக் குடுத்துட்டு நான் தூங்கப் போறேன்."

ஒரு கையும் எழவில்லை. பவித்ரா ராமானுஜத்தைப் பார்த்தாள். ராமானுஜம் பவித்ராவைப் பார்த்தார். மற்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"செஞ்சதை ஒத்துக்கக்கூட ஒருத்தருக்கும் முதுகெலும்பு இல்லை, பாத்தியா ராமரு?"

ராமர் சாவிக்கொத்தைப் பொறுக்கித் துடைத்து, பணிவாக அவளிடமே நீட்டினார்.

"யாரு தூக்குவாங்க, சொல்லுங்க? அன்னிக்குக் கூட்டத்துக்கு ஒருத்தருமே வரலீங்கம்மா. பஜ்ஜியை வெச்சுக்கிட்டு நான் மட்டும் உக்காந்திருந்தேன், கேட்டைத் திறந்துகிட்டு முதல்ல வந்தது நீங்கதான்னு சாவியை உங்ககிட்ட குடுத்துட்டேன்."